மொழிபெயர்க்காத நன்றி

அம்பலகாரர் வீட்டு மருமகள் எங்கள் லாட்ஜ் வாசலில் வந்து நின்றது ஒரு பங்குனி மாதத்து உச்சிவேளை. மாமனாருக்குக் கண் மருந்து வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காரைக்குடிக்கு பஸ் ஏறியிருந்தாள். நான்காக மடித்த ஒரு தாளை என் மேசைமேல் விரித்து, அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். அந்த விரலை எடுக்காமலே, "இதுல இருக்கறதும் அன்னைக்கு நீங்க மாமாகிட்ட சொன்னதும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டாள். என்ன வரி அது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். ஆனாலும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல மேசை இழுப்பறையைத் திறந்து வெகுநேரம் துழாவிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அந்த லாட்ஜில் கைடாகச் சேர்ந்திருந்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை முதலில் பள்ளத்தூர்ப் பக்கம் கூட்டிப்போவேன். பர்மாத் தேக்குத் தூண்களையும் இத்தாலிப் பளிங்கையும் பார்த்து அலுத்தவர்களுக்கு அமராவதிபுதூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரைக் காட்டுவேன். அங்கே கண்மாய்க்கரையில் ஒரு கிழட்டு ஆலமரம். கம்பெனிப் படை காட்டுக்குள் புகுந்த காலத்தில், படைக்குப் பாதை காட்ட மறுத்த ஒருவரை அதில் தூக்கிலிட்டார்கள் என்பது ஊரார் பேச்சு. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கண்மாய்க்கு இந்தக் கரையில் இருந்த, ஊர்த்தலைவரான அம்பலகாரர் குடும்பமும், அந்தக் கரையில் இருந்த அவர்களுடைய பங்காளிக் குடும்பமும் அவர் எங்கள் ஆள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தன. பெயரில்லாதவரை வைத்துக் கதை சொல்ல எனக்கு வரவில்லை. அம்பலகாரர் என் விருந்தினர்களை நாற்காலி போட்டு உட்காரவைப்பார், இளநீர் வெட்டித் தருவார். அந்த நன்றிக்காக, தூக்கில் தொங்கியவர் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் என்று சொல்லத் தொடங்கினேன். கழுத்தில் கயிறு விழும்போது அவர் பேசியதாக ஒரு வசனமும் சேர்த்தேன்.

படித்தவன் இங்கிலீஷில் சொல்வது வரலாறாகத்தான் இருக்கும் என்று அம்பலகாரர் நம்பிவிட்டார். என்னிடம் அதைத் தமிழில் ஒருமுறை கேட்டுக்கொண்டு, மரத்தடியில் கல் நட்டு, நான் கட்டிய வசனத்தைச் செதுக்கினார். அடுத்த திருவிழாவில் அதுவரை அக்கரைக் குடும்பத்துக்குக் கட்டிவந்த பரிவட்டம் இவர் தலைக்கு வந்தது. அன்று கோயில் வாசலில் கைகலப்பு, ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒரு மாதம் கழித்து அக்கரை வைக்கோல்போர் ஒன்று பட்டப்பகலில் எரிந்தது. எனக்கு எல்லாம் தெரியவந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பழைய பகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த ஆங்கிலேயர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், மெல்லப் பேசுகிற மனிதர். அவருடைய கொள்ளுப்பாட்டன் கம்பெனிப் படையில் இருந்தவராம். அந்தப் பாட்டன் எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் பிரதியெடுத்துக் கொண்டுவந்திருந்தார். காரில் போகும்போது அதை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். கண்மாயின் வடகரையில் குடியிருக்கும் ஊர்த்தலைவர் படைக்கு முன்னால் நடந்து பாதை காட்டினார் என்றும், தென்கரைக்காரர் ஒருவர் மறுத்ததால் தூக்கிலிடப்பட்டார் என்றும் அதில் இருந்தது. வடகரை அம்பலகாரருடையது. அந்த வடகரைக் குடும்பத்தைக் கண்டுபிடித்து நன்றி சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார் அவர். வண்டியைத் திருப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை.

அம்பலகாரர் அவரைக் கல்லுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். அவர் அம்பலகாரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் முன்னோர் செய்த உதவியை எங்கள் குடும்பம் மறக்கவில்லை என்று கண் கலங்கச் சொன்னார். உங்கள் முன்னோருடைய வீரத்தை அவர்கள் குடும்பம் மறக்கவில்லையாம் என்று தமிழாக்கினேன். அம்பலகாரரின் முகம் பூரித்தது. ஆங்கிலேயர் கையிலிருந்த நாட்குறிப்புப் பக்கத்தைக் காட்டி, "இந்தத் தாள இங்குட்டே குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. திருவிழா அன்னைக்கு ஊரு முன்னால வாசிப்போம்" என்றார். ஆங்கிலேயர் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டுப் போனார்.

அம்பலகாரர் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மருமகள்தான். அரியக்குடிக்காரி, பள்ளத்தூரில் படித்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாசிக்க ஆள் தேட வேண்டாம், நம் வீட்டுப் பிள்ளையே வாசிக்கட்டும் என்று மாமனார் பெருமையாகத் தாளை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

லாட்ஜில் அவளிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. இந்த வருஷம் அக்கரையில் அரிவாள் தீட்டுகிறார்கள் என்றும், தன் வீட்டுக்காரரும் சும்மா இல்லை என்றும் சொன்னாள். "நான் சொன்னா வீட்டுக்கு வந்தவ குடும்பத்த அவமானப்படுத்துறான்னு ஆயிரும். கதைய உண்டாக்குனது நீங்க. நீங்க வந்து மாமாகிட்ட சொல்லிருங்கண்ணே" என்றாள். திருவிழாவுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போனேன். அம்பலகாரர் வீட்டு மாடி தெரியும் ஊர் முக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். மரத்தடியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.  எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு துண்டின் மடிப்புக்குள்ளிருந்து அரிவாளின் மரப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் மறுபடி படியில் ஏறிக்கொண்டேன். அன்று மாலையே மதுரைக்குப் போய்விட்டேன்.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகக் கேள்விப்பட்டேன். நான் திரும்பிப் போன அன்று பிற்பகல், அவள் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, கண்மாய்க்கரை வழியாகத் தனியாக நடந்து அக்கரை வீட்டில் கொடுத்தாள். நாளைக்கு யாரும் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று பெரியவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். திருவிழா நடக்கவில்லை, யாரும் வெட்டுப்படவுமில்லை. அம்பலகாரர் கதவை அடைத்துக்கொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை. நான்காம் நாள் மருமகளை ஒரு பெட்டியோடு அரியக்குடிக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் கணவன் கூப்பிட வரவே இல்லை.

நான் பிறகு அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. இப்போது அந்தப் பக்கமெல்லாம் பெரிய ஓட்டல்கள், ஏ.சி. வண்டிகள், சீருடை போட்ட கைடுகள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அரியக்குடிக்குப் போனபோது பெருமாள் கோயில் பிரகாரத்தில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னாள். அன்று எனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, அதனால்தான் வர முடியவில்லை என்று தொடங்கினேன். ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பழகிய பொய் அது. தடங்கலில்லாமல் வந்தது.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு அந்த ஊர்ப் பேச்சிலேயே மெதுவாகச் சொன்னாள்:

"வந்தீகண்ணே. மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இறங்குனீக. திரும்ப ஏறிட்டீக."