விருப்ப ஓய்வின் நான்காவது நன்மை

காலையில் ஆவடியில் நானும் கணவரும் மகளும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பி.பி.ஏ. கடைசி வருடம் படிக்கும் மகளுக்கு இன்று மனிதவள மேலாண்மைத் தேர்வு.

எனக்கு முன் இருக்கையில் அவளும் தோழி ரேவதியும் கேள்வி கேட்டுப் படித்துக்கொண்டே வந்தார்கள்.

"விருப்ப ஓய்வுனால தொழிலாளிக்கு இன்னா நன்மை? நாலு சொல்லுடி."

மகள் மூன்றைக் கடகடவென்று ஒப்பித்தாள். நான்காவது வரவில்லை.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த என் கணவர் குனிந்து சொன்னார்: "குடும்பத்தோட நேரம் செலவழிக்கலாம்."

"ஐயோ, அதேதான்! உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"கம்பெனில சொன்னாங்கமா."

ரேவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்கிள், நீங்களே வந்து பரீட்சை எழுதிட்டுப் போங்க. இவ ஊட்ல தூங்கட்டும்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அவருடைய கம்பெனி, போன வாரம்தான் அவரிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கி, அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போடாதவர்களுக்கு வெளி மாநிலத்துக்கு மாற்றல் என்றார்களாம். தேர்வுகள் முடியும்வரை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்.

எஸ்டேட் நிறுத்தத்தில் டிபன் பாக்ஸோடு இறங்கினார். தேய்த்த யூனிஃபார்ம் போட்டிருந்தார். மகள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். பஸ் நகர்ந்த பிறகும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக நம் மின்னஞ்சல் குழுவுக்கு இதை எழுதுகிறேன். 'விருப்ப ஓய்வு' என்பதில் விருப்பம் யாருடையது? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள். இரண்டு மார்க் கேள்விதான்.