ஊர் எது என்று கேட்ட டொக்டர்

அரிசோனாவில் புழுதி கிளம்பினால் கைபேசி அலறும். மழைக்கு அல்ல, வெள்ளத்துக்கு அல்ல, வெறும் மண்ணுக்கு! மலை உயரத்துக்கு எழும்பி வரும் அந்த மண்ணைக் கண்டு அக்கம்பக்கத்தில் எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். நான் சாத்தியதில்லை. இலங்கையில், மாத்தளைக் கடைவீதியில் மிளகு மூட்டை சுமந்து வளர்ந்தவனுக்குப் புழுதி என்ன புதிதா? ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான்தான் இந்தப் பாலைவன நகரத்தில் வீடு வீடாகத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன். நான் வெட்டாத முற்றம் குறைவு. வந்த புதிதில், கூட வேலை செய்த மெக்சிக்கோக்காரர் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு "போல்வோ! போல்வோ!" என்று கத்துவார். வொல்வோ லொறி வருகிறதாக்கும் என்று நான் வழிவிட்டு நிற்பேன். அவர்கள் பாஷையில் அது புழுதியாம்.

போன வருடம் மாசி மகத்துக்கு ஊருக்குப் போனேன். முத்துமாரியம்மன் தேர் வடத்தை நாலு எட்டு இழுத்ததும் இருமல் பிடித்து வீதியோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாகவே காய்ச்சல், உடம்பும் இளைத்திருந்தது. அலுவிகாரையில் இருக்கும் என் தம்பி செல்வம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். டொக்டர், நாவுலப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழிலேயே கேட்டார்.

"ஐயாட ஊர் எது?"

"மாத்தளை. பொறந்தது, வளந்தது எல்லாம்."

செல்வம் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். சொந்த ஊரில் என்னை விருந்தாளி ஆக்கிவிடக் கூடாதல்லவா!

எக்ஸ்ரேயில் நெஞ்சில் வெள்ளையாக ஒரு பொட்டு. டீபி என்று சந்தேகப்பட்டு மூன்று முறை சளி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை. "கான்சராகவும் இருக்கலாம் ஐயா. கண்டிக்குப் போய் ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்" என்றார் டொக்டர். செல்வம் அங்கேயே விம்ம ஆரம்பித்தான். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளலாமா?

"சும்மா இருடா! கல்லு மாதிரி கெடக்குற அரிசோனா மண்ணையே வெட்டிச் சாச்சவன் ஒங்கண்ணன். இந்தப் பொட்டு என்னாடா பண்ணும்?"

கண்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த டொக்டரின் பேனா நின்றது.

"எந்த மண்?"

"அரிசோனா. அங்கதான் இருக்கேன், இருவது வருஷமா."

"ஐயோ, ஏன் முந்தியே சொல்லல?"

"நீங்க ஊருதானே கேட்டீங்க!"

அந்தப் பாலைவன மண்ணில் ஒரு பங்கஸ், ஒரு வகைப் பூஞ்சணம், உண்டாம். புழுதியோடு மூச்சில் ஏறினால் டீபி மாதிரியும் காட்டும், கான்சர் மாதிரியும் காட்டும். இலங்கை மண்ணில் இல்லாத வியாதி. அவர் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. "வேலி ஃபீவர்" என்றார்.

"வேலியாலயும் காய்ச்சல் வருமா மிஸ்?" என்றான் செல்வம். அது வேலி இல்லை, பள்ளத்தாக்கு என்று சிரித்தபடியே கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதினார். கண்டியில் அதைத் தேடிப் பார்த்தார்கள், அதுவேதான். எனக்குச் சீனி வியாதி என்பதால் தானாக ஆறட்டும் என்று விடாமல், மாதக்கணக்கில் குளிசை கொடுத்தார்கள். அரிசோனாவுக்குத் திரும்பியதும், இங்கே என் வெள்ளைக்கார டொக்டர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "எங்களுக்கு இது தினமும் பார்ப்பது. அங்கே இருந்துகொண்டு கண்டுபிடித்தாரே!" என்றார். என்னைப் பாராட்டியிருந்தால்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டேன்.

இப்போது மண்ணை நனைத்துத்தான் வெட்டுகிறேன், முகமூடியும் போடுகிறேன். பிள்ளைகளே, ஊருக்குப் போய் இருமினால் ஊரை மட்டும் சொல்லாதீர்கள், இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள்.

இந்த மாசிக்கும் போனேன். வடத்தை முழுத் தெருவுக்கும் இழுத்தேன். மறுநாள் டொக்டரைப் பார்க்கப் போனால், வேண்டுமென்றே கேட்டார்: "ஐயாட ஊர் எது?" செல்வம் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"மாத்தளைதான்" என்றேன்.

அவர் புது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆறிப்போன தழும்பில் விரல் வைத்தார்.

"அப்ப இது?"

"அது அரிசோனா."