நான் புரட்டாத பச்சைத் தாள்

சென்ற ஆண்டு மார்கழியில், செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் இது நடந்தது. அப்போது நான் முதுகலைத் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் பெண்கள்மீது நிகழும் வன்முறையை, நடந்தபின் விசாரிப்பதோடு நில்லாமல், நடவாமலே தடுக்கப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அரசு வகுக்கவிருப்பதாகவும், அதற்குமுன் பெண்களிடமே கேட்டறிய விரும்புவதாகவும் கல்லூரியில் சொன்னார்கள். கேள்வித்தாளுடன் வீடு வீடாகச் செல்ல மாணவியர் தேவைப்பட்டனர். அதிகம் பேசாதவள் என்பதாலோ என்னவோ, என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

பயிற்சி அரைநாள் நடந்தது. உண்மையான கேள்விகள் வெள்ளைத் தாள்களில் இருந்தன. அவற்றின்மேல் ஒரு பச்சைத் தாள். அதில் குடிநீர், ரேஷன், தெருவிளக்கு பற்றிய கேள்விகள். "யாராவது வந்தா, பாதி வாக்கியத்துல இருந்தாலும் பச்சைக்கு வந்துடுங்க. நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. அந்தம்மா அந்த வீட்லதான் இருந்தாகணும்" என்றார் பயிற்சியளித்த பெண் அதிகாரி. நான் அதைச் சொல் பிசகாமல் குறித்துக்கொண்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அது ஒரு சிறிய பொய்யாகவே தோன்றியது. மேலும், தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடுவது என் இயல்பில் இல்லை.

மூன்றாவது வீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், சாக்கு விரித்து, விதைக்கான மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கணவர் அனந்தபுரம் சந்தைக்கும், ஒன்பது வயது மகள் பள்ளிக்கும் போயிருந்தனர். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"கேளு கண்ணு. கைதான வேல பாக்குது, வாய் சும்மாதான இருக்குது."

ஆறு கேள்விகளுக்குச் சுருக்கமாக, தயங்காமல் பதில் சொன்னார். ஏழாவதை நான் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிளை நிறுத்தும் ஓசை கேட்டது. காய் உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் பார்வை என் முகத்துக்கும் தாளுக்குமாகப் போய் வந்தது. பச்சைத் தாள் என் கட்டைவிரலுக்கடியில்தான் இருந்தது. வாக்கியத்தில் இன்னும் நாலைந்து சொற்களே மிச்சம். வகுப்பில் செய்யுள் படிக்கும் அதே தெளிவான குரலில், "உங்கள் கணவர் உங்களை" என்று தொடர்ந்தேன். நிமிர்ந்தபோது அவர் கணவர் உள்ளே வந்திருந்தார்.

"புருஷனப் பத்தி இன்னா கேள்வி?"

குரலை உயர்த்தவில்லை. கேட்டது என்னை, பார்த்தது மனைவியை.

அந்தப் பெண் ஒரு காயை உடைத்து முறத்தில் போட்டார். "ம்ம். ரேஷன் கார்டுல உம்பேரு சரியா இருக்குதான்னு கேக்குது. உங்கப்பன் பேரத் தப்பாப் போட்டுட்டாங்களே, போய் மாத்தினு வந்தியா நீ? நாலு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லினு இருக்க. நான் இன்னா பதில் சொல்றது இந்தப் புள்ளைக்கு?"

குற்றம் தன்மேல் திரும்பியதும் அந்த மனிதர் தணிந்தார். "மாத்தலாம், இரு" என்று முனகிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். அதற்குள் நான் பச்சைத் தாளைப் புரட்டியிருந்தேன். அடுத்த அரைமணி நேரம் அவரே பேசினார். "தண்ணி ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வருது, எழுதிக்கம்மா. எதிர்த்த போஸ்ட்டு லைட்டு ஆடி மாசம் போச்சு. அதையும் எழுது." அனைத்தையும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தது.

நான் எழுந்ததும் அந்தப் பெண்ணும் எழுந்து கணவரிடம் சொன்னார்: "டவுனு புள்ள, பஸ்ஸுக்கு வழி தெரியாது. வுட்டுட்டு ஓடியாறேன்." ஒரு மணி நேரத்துக்கு முன் நான் தனியாக வந்த வழிதான் அது.

தண்ணீர்த் தொட்டி அருகே நின்றார். சுற்றிலும் யாருமில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"வுடு. அந்தக் கேள்விய மொதல்ல முழுசாப் படி."

தாழ்ந்த குரலில் படித்தேன். பதில் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஆபத்தில் பெண்கள் அழைக்க அரசு வைத்திருக்கும் உதவி எண்ணைத் தாளில் தர வேண்டாம் என்று சொல்லி, என்னைச் சொல்லச் செய்து, இருமுறை திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "இத எழுதினு போயி இன்னா பண்ணுவாங்க?"

"பத்து வருஷத்துக்குத் திட்டம் போடறாங்கக்கா."

சொல்லவே கூசியது. ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியவரிடம் பத்து வருடம் என்கிறேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"எம் பொண்ணுக்கு அப்ப பத்தொம்போது ஆவும். தப்பில்லாம எழுது கண்ணு." சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தார்.

அன்று மாலையே அதிகாரியிடம் என் பிழையை மறைக்காமல் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நம்பர் சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ள, அந்தத் தெரு என் பட்டியலில் எத்தனையாவது என்று குறித்துக்கொண்டார்.

பிறகு பதினோரு வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் வாசலுக்கு முகம் காட்டி உட்கார்ந்தேன்; இரண்டு இடங்களில் வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அரசின் நீண்டகாலத் திட்டம் என்று செய்தித்தாளில் எங்கே படித்தாலும், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பத்தொன்பதை எட்டும் தூரம் அது என்றே இன்றும் எனக்குப் படுகிறது.