கத்திக்கு வைத்த தலையெண்ணெய்

அகஸ்ரீனாவுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கித் தெருவுக்கு வந்தபிறகு நாலாந்தரம் பார்க்க மறுபடி மேலே ஏறுவாள். கடைக்காரன் சிரித்துக்கொண்டு தக்காளி தந்தால் அடியில் அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். சிரிக்காமல் தந்தால் நிறையில் குறைவு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட, குருவானவர் நித்திரையா முழிப்பா என்று வலைத் தட்டியினூடாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாவத்தைச் சொல்லத் தொடங்குவாள். மன்னார் பேசாலையிலிருந்து பலெர்மோவுக்கு வந்த ஆறு வருடத்தில் தன்னை ஒருவரும் ஏமாற்றவில்லை, அதற்கு இந்தக் குணம்தான் காரணம் என்பது அவள் எண்ணம். அவளுடைய புருசன் ஜோக்கிம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். அவன் வேறு மாதிரிச் சொன்னான்.

“உம்மை ஏமாத்த வாறவன் பாதி வழியிலை களைச்சுத் திரும்பிப் போயிடுவான்.”

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ தும்மினெல்லோவின் வீடு. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் நாலாம் மாடி. அவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், எழுபத்தாறு வயது, மனைவியை இழந்த தனிக்கட்டை. வழக்கறிஞரை அங்கே அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். அகஸ்ரீனாவும் அப்படியே கூப்பிட்டாள். சமையல், துடைப்பு, துணி எல்லாம் அவள் பாடு. வெள்ளிக்கிழமைகளில் கழுத்துத் தடித்த ஒரு மனிதன் சிறிய கறுப்புப் பையோடு வந்து, அவரும் தானுமாக அறையில் கதவைச் சாத்திக்கொள்வான். மாஃபியாக்காரர் வீதியில் குண்டு வெடிக்கவைத்து மூன்று வருடம் ஆகாத நகரத்தில் கழுத்துத் தடித்த மனிதனைப் பற்றி அவள் என்னதான் நினைப்பாள்? ஒருநாள் கூட்டும்போது கம்பளத்தின் ஓரத்தில் வெட்டிய கால்நகங்கள் அகப்பட்டன. ஆள் கால்நகம் வெட்டுகிறவன்தான். ஆனாலும் பத்து நகம் வெட்ட ஒரு மணித்தியாலம் எதற்கு என்ற கேள்வி அவளுக்கு மிச்சமிருந்தது.

எழுத்தறை மேசையின் இழுப்பு லாச்சியை அவள் முதன்முதலில் திறந்து பார்த்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஜூன் மாதம். அவ்வொக்காத்தோவே கூப்பிட்டுக் காட்டினார். பச்சை வெல்வெட்டின்மேல் பதினொரு கத்திகள் மடங்கிப் படுத்திருந்தன. கொம்புப் பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பொத்தான். பொத்தானை அமத்தினால் அலகு தானாகப் பாய்ந்து வெளியே வருகிற ஜாதி. அவருடைய தகப்பன் சேர்க்கத் தொடங்கியவை என்றும், ஒவ்வொன்றும் காவல் நிலையத்தில் பதிந்தது என்றும், வீட்டு வாசலைத் தாண்டி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார். மாதா மாதம் அவரே துடைத்து எண்ணெய் விட்டு வந்தவர். இப்போது கை நடுங்குகிறது, பெருவிரலில் புதுக் கட்டு. இனி அகஸ்ரீனாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் பேசியது இத்தாலியம். அவள் பிறகு ஜோக்கிமுக்குச் சொல்லிக்காட்டிய தமிழிலேயே அதைச் சொல்வதுதான் சுகம்.

“முகத்துக்கு நேரை பிடியாதையும். பொத்தானை அமத்தும். விரிஞ்சாப்பிறகு பஞ்சு சுத்தின குச்சியாலை உள்ளுக்கை இருக்கிற தூசியை எடும். ஸ்பிரிட்டாலை துடையும். அலகு திரும்புற ஆணியிலை ஒரு சொட்டு எண்ணெய், பொத்தானடியிலை ஒரு சொட்டு. ரெண்டாஞ் சொட்டு விடாதையும். பத்துத்தரம் விரிச்சு மடக்கும். முடிய, கையை ரெண்டுதரம் சோப்புப் போட்டுக் கழுவும்.”

மற்றதெல்லாம் சரி. ரெண்டுதரம் ஏன்? எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். மண்ணிறக் கண்ணாடி. பெயர் இல்லை, கடைச் சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு மணம். அன்று பின்னேரம் அவளுடைய உள்ளங்கை அரிப்பெடுத்துக் கடித்தது. கடித்ததா, கடித்தது போல இருந்ததா என்பது வேறு கதை.

“தையல் மெசினுக்கு விடுற எண்ணெயாத்தான் இருக்கும்,” என்றான் ஜோக்கிம்.

“அப்ப ஏனப்பா ரெண்டுதரம் கழுவச் சொன்னவர்?”

“இவையள் எல்லாத்துக்கும் கழுவச் சொல்லுவினம்.”

“கத்தியிலை நஞ்சு பூசி வைக்கிற ஆக்கள் இருக்கினம். நீங்கள் கேள்விப்படேல்லையோ?”

“நீர் எங்கை கேள்விப்பட்டனீர்?”

எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்தப் போத்தலை அவள் தொடவில்லை. கண்ணுக்கு மருந்து விடுகிற வெறும் குப்பி ஒன்றைக் கழுவி, அதில் தன்னுடைய தேங்காயெண்ணெயை நிரப்பி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கதவுக் கீலுக்கும் தையல் மெசினுக்கும் பிள்ளையின் உச்சிக்கும் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரே எண்ணெய்தான்; அது கெடுதல் செய்து அவள் கண்டதில்லை. ஒரு சொட்டு என்று அவர் சொன்னதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டு மூன்று சொட்டாக விட்டாள். மண்ணிறப் போத்தலில் மட்டம் குறையாவிட்டால் கிழவருக்கு விளங்கிவிடும் என்று, அதிலிருந்து மாதம் கொஞ்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள். இவ்வளவு மூளையை இத்தாலியம் படிக்கச் செலவழித்திருந்தால் இந்நேரம் அவளே அவ்வொக்காத்தோ ஆகியிருப்பாள்.

கத்திகளோ ஜம்மென்று வேலை செய்தன. கோடை முழுக்க ஒவ்வொன்றும் ‘சடக்’ என்று பாய்ந்தது. அவர் எல்லாவற்றையும் ஒருதரம் அமத்திப் பார்த்து, “பிராவா, அகொஸ்தீனா,” என்றார். நல்லாய்ச் செய்தாய் என்று அந்த வீட்டில் அதற்கு முன் அவர் சொன்னது கத்தரிக்காய்ப் பொரியலுக்கு மட்டும்தான்.

டிசம்பரில் அவர் சளியோடு மூன்று கிழமை படுக்கையில் விழுந்தார். அகஸ்ரீனா சூப் வைத்துக் கொடுத்தாள், முதுகில் களிம்பு தேய்த்தாள். பெப்ரவரி கடைசியில் அவளுடைய பெர்மெஸ்ஸோ, இருப்பதற்கான அந்தக் கடதாசி, முடிகிறது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அதைப் புதுப்பிக்க, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று அவ்வொக்காத்தோ கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் இருப்பு இல்லை. ஆறு வருட ஓட்டம் அத்தனையும் வீண். “மூன்று இராசாக்கள் திருநாள் முடியட்டும், எழுதித் தாறன்,” என்று படுக்கையிலிருந்தே சொல்லியிருந்தார்.

ஜனவரி ஆறோடு திருநாள் முடிந்தது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கினார். கடிதத்தை மட்டும் காணோம். கேட்டால், “நாளைக்கு.” இரண்டாந்தரம் கேட்டால், “பார்ப்பம்.” மூன்றாந்தரம் கேட்டபோது பத்திரிகைக்கு மேலால் அவளை ஒரு பார்வை பார்த்தார். வக்கீலாக இருந்தபோது சாட்சிகளை இப்படித்தான் பார்த்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை எழுத்தறை மேசையைத் துடைக்கப் போனவள் நின்றுவிட்டாள். லாச்சிக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு நரைமயிர் ஒட்டியிருந்தது. தற்செயலாக விழுந்ததல்ல; இரண்டு நுனியிலும் பசை. தலையில் மிஞ்சியிருந்த சொற்பத்தில் ஒன்றை மனிதர் இதற்காகச் செலவழித்திருக்கிறார். லாச்சியைத் திறந்தால் அறுந்துவிடும், யார் திறந்தது என்று தெரிந்துவிடும். இந்த வீட்டில் அவரைவிட்டால் இருக்கிறது யார்?

அகஸ்ரீனாவுக்குக் கோபம் வந்தது. சூப் கொடுத்த கைக்கு வலை விரிக்கிற மனிதன்! கடிதம் தராமல் சாட்ட ஒரு காரணம் தேடுகிறார் என்று தீர்மானித்தாள். கத்தி ஒன்றை எடுத்து அவளுடைய கைப்பைக்குள் வைத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டால் கேட்பார் யார்? அன்றிலிருந்து குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடும் பையின் வாய் மூடும் சிப்பில் நீல நூல் ஒன்றைக் கோத்து மூன்று முடிச்சுப் போட்டு வைத்தாள். வீட்டுக்குப் போக முன் முடிச்சுகளைக் குனிந்து எண்ணுவாள். இப்படியே பத்து நாள். ஒரே கூரையின் கீழ் அவர் மயிரைப் பார்த்தார், இவள் நூலைப் பார்த்தாள். இடையில் “காப்பி வேணுமா?” “ஓம்” என்பதைத் தவிரப் பேச்சு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் அவளை எழுத்தறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்கு ஹீற்றர் கிடையாது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பத்திரிகைத் தாளின்மேல் பதினொரு கத்தியும் வரிசையாகக் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து அமத்தினார். அலகு சோம்பேறி மாதிரிப் பாதி வந்து நின்றது. அடுத்தது அசையவே இல்லை.

“இது என்ரை கத்தி இல்லை,” என்றார். “என்ரை அப்பாவின்ரை கத்தி பாயும். நான் சளியோடை வருத்தமாய்க் கிடந்த நேரம் ஆரோ உள்ளை இருந்த ஸ்பிரிங்கை மாத்தியிருக்கினம். ஆருக்குக் குடுத்தனீர், சொல்லும்.”

“நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை.”

“பதினொண்டும் காவல் நிலையத்துப் பதிவிலை இருக்கு. ஒண்டு வெளியிலை போய் ஆரையும் குத்தினால் பதில் சொல்லவேண்டியவன் நான். மத்தியானத்துக்குள்ளை சொல்லாட்டி, மரெஷாலோவுக்குப் போன் பண்ணுவன்.”

மரெஷாலோ என்றால் அந்தப் பகுதிக் காவல் அதிகாரி. அவர் வந்து இரண்டு கேள்வி கேட்டால் போதும், பெர்மெஸ்ஸோ போனதுதான். அப்போதுதான் அகஸ்ரீனா கவனித்தாள், பேசிக்கொண்டே அவர் பதினொரு கத்தியையும் மறுபடி மறுபடி எண்ணுகிறார். கிழவரும் பயந்துபோய் இருக்கிறார்.

ஒரு கத்தியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஆணியைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு போல ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தாள். அவளுடைய தலைமணம்.

நவம்பர் தொடங்கினால் பலெர்மோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் தேங்காயெண்ணெய் போத்தலோடு உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். காலையில் சுடுதண்ணிக் கோப்பையில் போத்தலை நிறுத்தி வைத்து உருக்கித்தான் தலையில் வைத்து இழுத்துச் சீவுவார்கள். இன்று காலையும் அப்படித்தான் இழுத்துவிட்டு வந்திருந்தாள். ஆறு குளிர்காலம் போத்தலை உருக்கியவளுக்கு, கத்திக்குள் விட்டதும் அதே எண்ணெய்தான் என்ற நினைவு ஒருநாளாவது வந்ததா? சட்டைக்குள் கிடந்த குப்பி நெஞ்சுச் சூட்டில் உருகியே இருந்தது. குசினி அடுப்படியில் வைத்துத் துடைத்தபோது கத்திகளும் ஒழுங்காகவே பாய்ந்தன. லாச்சிக்குள் போன பிறகுதான் எல்லாம் உறைந்திருக்கிறது. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவள் தன் எண்ணெயைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள்.

“அவ்வொக்காத்தோ, ஒரு நிமிசம் தாங்கோ,” என்று கத்தியோடு குசினிக்கு நடந்தாள். ஓடிப்போகிறாளோ என்று அவர் செருப்பை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அடுப்பை மூட்டி, நெருப்புக்குச் சற்று மேலே கத்தியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அமத்தினாள்.

‘சடக்.’

அவர் வாயைப் பிளந்தார். “குளிரோ? குளிராலையோ இப்பிடி?”

ஓம் என்று ஒரு சொல் போதும். அவரே பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் நாளைக்கே இவர் கத்தி திருத்துகிறவனைக் கூப்பிட்டால், அவன் சுரண்டி மணந்து பார்த்தால்? உண்மையைச் சொல்லவைத்ததும் அந்தப் பாழாய்ப்போன சந்தேகம்தான். சட்டைக்குள் கையை விட்டுக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இது தலைக்கு வைக்கிற எண்ணெய். குளிருக்கு உறையும். ஏழு மாசமாய் இதைத்தான் விட்டனான். உங்கடை எண்ணெயைத் தொட்டியிலை ஊத்தினனான்.”

“ஏன்?”

“போத்திலிலை பேர் இல்லை. ரெண்டுதரம் கழுவச் சொன்னியள். நஞ்செண்டு நினைச்சன்.”

அவர் குப்பியைத் திறந்து மணந்தார். அவளையும் பார்த்தார். குப்பியை மூடி வைத்துவிட்டு எழுத்தறைக்குத் திரும்பிப் போனார். தொலைபேசி அங்கேதான் இருக்கிறது. அகஸ்ரீனா அடுப்பை அணைத்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, டயல் சுழலும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. அவர்தான் வந்தார், கையில் ஒரு தாளோடு. கடிதம். ஜனவரி எட்டாம் தேதியே எழுதியிருக்கிறார். கையெழுத்து மட்டும் இல்லை. மேசையில் வைத்து, நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, கையெழுத்தைப் போட்டார்.

“அது என்ரை மனிசியின்ரை தையல் மெசின் எண்ணெய்,” என்றார். “துணியிலை பட்டால் கறை போகாது எண்டு அவள்தான் ரெண்டுதரம் கழுவச் சொல்லுறவள்.”

அகஸ்ரீனா கடிதத்தை எடுத்து மடித்தாள். அவர் கதவடிக்குப் போய், திரும்பி நின்றார்.

“லாச்சியிலை இருந்த மயிரை நான் எடுத்திட்டன். உம்மடை பையிலை கட்டியிருக்கிற நூலை நீரும் அவிட்டுவிடும்.”

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அன்று பின்னேரம்வரை இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து, பதினொரு கத்தியையும் ஸ்பிரிட்டால் கழுவி, எண்ணெய் விட்டார்கள். ஆணியில் ஒரு சொட்டு, பொத்தானடியில் ஒரு சொட்டு. மண்ணிறப் போத்தலில் அவர் ஒரு சீட்டு ஒட்டி, பெரிய எழுத்தில் பெயரை எழுதினார். அவள் கையை இரண்டுதரம் கழுவினாள்.

நூலை அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் தரிப்பில் சனம் நிறைய. நின்ற நிலையிலேயே கை பழக்கத்தில் சிப்புக்குப் போயிற்று. இழுத்தாள், உள்ளே கையை விட்டாள், அடிவரை தடவினாள். கடிதமும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. கத்தி ஒன்றும் இல்லை.

என்ன தேடினோம் என்று உணர்ந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்து அழுதாள்.