நான்காவது கண்ணாடி

ஆறு தள்ளு, ஓர் அடி நகர்வு. மறுபடி ஆறு தள்ளு, ஓர் அடி நகர்வு. தண்ணீர் நிரப்பிய இரும்புப் பீப்பாயின் தலையில் ஒரு வட்டக் கண்ணாடி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் இன்னொரு வட்டக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே தண்ணீரும் கரகரப்பான பொடியும். மேலே இருப்பதை இரு கைகளாலும் முன்னும் பின்னும் தள்ளியபடி பீப்பாயைச் சுற்றி வருகிறார் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. தலையில் ஈரத் துணிக் கட்டு. ஒரு தூசி உதிர்ந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும். பக்கத்தில் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதைத் திரும்பிப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

தெருவில் அவர் பெயர் சுத்துக்கார அக்கா. "செக்கு மாடு மாதிரி சுத்தறீங்களே, தலை கிறுகிறுக்கலையா?" என்று எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் சன்னல் வழியே கேட்டார்.

"செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டி விடுவாங்க தம்பி. நான் கண்ணைத் திறந்துக்கத்தான் சுத்தறேன்."

இப்படிச் சுற்றச் சுற்ற, மேல் கண்ணாடி நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிகிறது. வாரக்கணக்கில் குழித்து, பிறகு வாரக்கணக்கில் மெருகேற்றினால் அது தொலைநோக்கியின் இதயம் ஆகிவிடும். மேலே அலுமினியப் பூச்சு கொடுத்து ஒரு குழாய்க்குள் வைத்தால் நிலாவின் பள்ளங்களை எண்ணலாம்.

அக்கா இதைப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவரல்ல. பதினெட்டு வருடம் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவியவர். அங்கே ஒரு தொலைநோக்கி இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு அதில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "துடைக்கிறதோட நிறுத்திக்கம்மா" என்றார் தலைமையாசிரியர். வானத்தைப் பார்க்கவும் சம்பளப் படிநிலை உண்டு என்று நம்பிய பள்ளி அது. பட்டம் பெற்ற ஆசிரியர்களோ அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட அதை வெளியே எடுத்ததில்லை. தகுதி உள்ளவனுக்கு ஆசை இல்லை, ஆசை உள்ளவளுக்குத் தகுதி இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டு நடப்பதற்குப் பெயர் ஒழுங்கு!

அக்கா சண்டை போடவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். பழைய கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடி இரண்டை வாங்கி வந்து, சமையலறையில் சுற்ற ஆரம்பித்தார்.

அதைத் தொழிலாக்கியது தங்கை. அக்கா ஆசைக்குச் செய்த முதல் இரண்டு தொலைநோக்கிகளைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியதும், கேட்டு வந்தவர்களிடம் பேசியதும், வாடகைக்கு இந்த மூன்று அறையைப் பிடித்ததும் அவர்தான். இன்று நான்கு பேர் வேலை செய்கிறார்கள். எட்டு மாதத்துக்கு ஆர்டர் இருக்கிறது. தங்கையைக் குறை சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர: அக்காவால் 'இது விற்பனைக்கு இல்லை' என்று சொல்ல முடியாது, சொன்னாலும் தங்கையின் காதில் அது விழாது.

அக்காவுக்கு வாடிக்கையாளரிடம் பொய் வராது. "இதுல ஓரத்துல ஒரு சின்னக் கீறல் இருக்கு, பார்த்துக்கோங்க" என்று அவரே காட்டிக் கொடுப்பார். தங்கை தலையில் கை வைத்துக்கொள்வார். சனி தன் வீட்டை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறது என்று தெரிய வேண்டும் என ஒருவர் வந்தார். "நீங்கதான் சார் அவரைப் பார்க்கணும். அவருக்கு ஏழெட்டு வளையம், நூத்துக்கு மேல நிலா. அத்தனை பெரிய குடும்பத்தை விட்டுட்டு உங்க வீட்டை எட்டிப் பார்க்க ஏது நேரம்?" என்றார் அக்கா. வந்தவர் சிரித்துவிட்டு, ஒன்று வாங்கிப் போனார்.

தன் கருவிகளில் அக்கா வானம் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், கோளாறு தேடும் கண்ணோடு. சமையல்காரர் உப்புப் பார்ப்பது சாப்பிட்டதில் சேருமா? அவருக்கு வேண்டியது பெரிய கண்ணாடி ஒன்று, பின்னால் யாரும் காத்து நிற்காத ஓர் இரவு. நம் பால்வீதிக்குப் பக்கத்து நட்சத்திர மண்டலத்தை அவர் ஒரு பஞ்சுத் துணுக்காகத்தான் பார்த்திருக்கிறார். அதன் சுருளையும் கறுத்த ஓரத்தையும் கண்ணால் காண வேண்டும். "அந்த வெளிச்சம் இருபத்தஞ்சு லட்சம் வருஷமா வந்துக்கிட்டே இருக்கு. நான் ஒருநாள் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காரக் கூடாதா?" என்பார், யாரிடமும் கேட்காத குரலில்.

தனக்கென்று மூன்று முறை பெரிய கண்ணாடி செய்தார். ஒன்று கல்லூரிக்குப் போனது. ஒன்று ஒரு டாக்டருக்கு. மூன்றாவது, தங்கை மகளின் அறுவைச் சிகிச்சையின்போது போனது. அதை வாங்க அக்காவே ஆள் தேடினார். நான்காவதைக் கட்டிலுக்கடியில் பழைய போர்வையில் சுற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தார். பதினாலு மாதம். போன வாரம் மெருகு முடிந்தது. பூச்சுக்கு அனுப்பவென்று பட்டறை மேசைமேல் எடுத்து வைத்த காலையில், மலைமேல் ஓட்டல் கட்டியிருக்கும் முதலாளி ஒருவர் சின்னக் கருவி பார்க்க வந்து, அந்த மேசையருகே நின்றுவிட்டார்.

"இது என்னம்மா, தாம்பாளம் மாதிரி! இதையே குடுத்துடுங்க."

"அது..." என்று தொடங்கினார் அக்கா.

"தாராளமா சார்" என்றார் தங்கை. "பூச்சு போட்டு, குழாய் மாட்டி, ரெண்டே வாரத்துல."

"ஏய், இது என்னோடதுடி."

"எல்லாமே உன்னோடதுதான் அக்கா. அடுத்தது செஞ்சுக்கலாம். சார் அவசரத்துல இருக்காரு."

முன்பும் கேட்ட அதே வாக்கியம். அக்கா கண்ணாடியைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் கேட்டார்: "எங்க வைப்பீங்க சார்? மொட்டை மாடியிலயா?"

"சே, மழையில வீணாயிடுமே. வரவேற்புக் கூடத்துல, நட்ட நடுவுல. உள்ள நுழைஞ்சதும் ஆளு அசந்து போகணும்."

"அங்கேருந்து வானம் தெரியுமா?"

"வானமா?" முதலாளி சிரித்தார். "மேல கூரைம்மா. பெரிய சரவிளக்கு ஒண்ணு தொங்குது, அது போதாதா?"

தங்கை கண்ணாடியைப் பொதிய பிளாஸ்டிக் குமிழ் உறையைக் கிழிக்கத் தொடங்கியிருந்தார். கை பாதியில் நின்றது.

அக்கா பீப்பாயிலிருந்து நேராக வந்தவர். விரல்களில் பொடியைக் கழுவியிருந்தாலும் ஈரம் காயவில்லை. அந்த வலது கையை விரித்து, கண்ணாடியின் நட்ட நடுவில் முழுதாகப் பதித்து அழுத்தினார்.

"ஐயையோ! என்னம்மா பண்றீங்க?"

"கை பட்டுடுச்சு சார்."

"போச்சு! நல்ல பொருளைக் கெடுத்துட்டீங்களே!"

பூச்சு ஏறிய பிறகு விரல் பட்டால்தான் ஆபத்து. வெறும் கண்ணாடியில் பட்ட தடம் சோப்புத் தண்ணீரில் ஒரே நொடியில் போய்விடும். இது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு உறையைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டார்.

"வாங்க சார்" என்றார் தங்கை. "முன்னறையில சின்னது ரெண்டு இருக்கு. கூடத்துல வைக்க அதுவே அம்சமா இருக்கும்."

இருவரும் போனார்கள். முன்னறையில் பேச்சு எழுந்தது, விலை படிந்தது, வண்டி புறப்பட்டது. அக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.