டாக்குத்தர்ப் பிள்ளைக்கு ஒரு வருத்தம்

வீடு தேடி வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் சாம்பல்தீவில் அது ஒரு வருடக் கதை. ஆகவே, மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இலவச முகாம் நடத்தியபோது, சனம் நல்ல உடுப்புப் போட்டு, பவுடர் பூசி, ஆளுக்கொரு நோய் வருத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. வருத்தம் இல்லாதவர்கள்கூட வெறுங்கையோடு போகவில்லை; ஒன்றைச் சோடித்துக்கொண்டு போனார்கள்.

மேசைகள் பல இருந்தும் வரிசை ஒன்றுதான். நெடிய பொடியன் ஒருவன் தாடி வைத்திருந்தான். தாடி உள்ளவனுக்கு அனுபவம் இருக்கும் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. மூலை மேசையில் சின்ன உருவமாக படிக்கிற பிள்ளை ஒருத்தி, நெஞ்சில் வைத்துப் பார்க்கிற தன் குழாயைத் துடைத்துத் துடைத்துத் தனியே இருந்தாள்.

கால் உளைவுக்காக வரிசையில் நின்ற அம்மாவையும் என்னையும் கூட்டிப்போக அப்பா வந்தார். கடலுக்குப் போகிற மனுசன். பிறந்ததிலிருந்து காய்ச்சலுக்கு ஒரு பனடோல்கூடப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. மூலை மேசையைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சனமப்பா இது? பிள்ளை இவ்வளவு தூரம் வந்து சும்மா இருக்குது!"

நேரே போய் அவள் முன்னால் கதிரையில் இருந்தார்.

"வலை இழுக்கேக்க நெஞ்சு இறுக்குது, பிள்ளை. இடக்கை விறைக்குது. கரைக்கு வந்தா, கடலைப் பாக்கிற மாதிரி வள்ளத்தில இருந்துதான் மூச்சு எடுக்கிறனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா இவ்வளவு நல்லாப் புளுகுவார் என்று எனக்குத் தெரியாது. தினமும் அவர் வள்ளத்தில் இருந்து கடலைப் பார்ப்பதைக்கூட விடாமல் சேர்த்துவிட்டாரே!

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். பிறகு ஓடிப்போய், கூட வந்திருந்த பெரிய டாக்குத்தரைக் கூட்டிவந்தாள். அவரும் பார்த்துவிட்டு, தாங்கள் வந்த வான் வண்டியிலேயே அப்பாவை நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே பொறாமை.

"பிள்ளையின்ர மனம் நோகக்கூடாதெண்டுதான் போறன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா ஏறினார்.

ஆஸ்பத்திரியில் அவரை மறித்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். நான் பயந்துபோய்ப் பிள்ளையாரிடம் ஓடினேன். "எங்கட அப்பா சும்மாதான் சொன்னவர். நீங்களும் நம்பிப்போடாதேங்கோ," என்று அழுதேன்.

அப்பா சுகமாகி வந்தார். வந்த பிறகும், அந்தப் பிள்ளைக்காகத்தான் போனதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் நம்பினேன். அன்றைக்கு அவர் சொன்ன அத்தனையிலும் பொய் அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.