முதலைப் படத்தின் நான்காம் பாகம்

வாரத்தில் மூன்று நாள் அண்ணனுக்கு வேலூரில் டயாலிசிஸ். ஒரு நாள் அண்ணி துணைக்குப் போவார், இரண்டு நாள் நான். விடியற்காலையில் ஆம்பூரில் பஸ் ஏறி, நான்கு மணி நேரம் அவன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்து ஷூ கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போவேன். அந்த நான்கு மணி நேரத்தை ஓட்டத்தான் முதலைப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தோம்.

இங்கிலீஷ் படம், தமிழில் டப் செய்தது. முதல் பாகத்தைப் பள்ளிக்கூட நாளில் ஆம்பூர் கொட்டகையில் சேர்ந்து பார்த்திருந்தோம். அதற்குப் பிறகு இன்னும் நான்கு பாகங்கள் வந்தது எங்களுக்குத் தெரியாது. அண்ணன்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தான். இயர்போன் ஆளுக்கொரு காதில்.

முதல் பாகம் இப்போதும் நன்றாகவே இருந்தது. கடைசி அரைமணி வரை முதலையைக் காட்டவே இல்லை. தண்ணீர் அசைந்ததற்கே பயந்தோம். இரண்டாவதில் ஹீரோ வேறு ஆள், குரல் மட்டும் பழைய ஆளுடையது. மூன்றாவதில் முதலையைக் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தார்கள். ஓடும்போது கால் தரையில் படவில்லை. இது தேறாது என்றேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. படகுக்காரக் கிழவன் சாகிற இடம் மாதிரி முதல் பாகத்தில்கூடக் கிடையாது என்றான்.

"ஒரு சீன் நல்லாருந்தா போதுமாண்ணா?"

"எல்லாமே மோசம்னு சொல்லாத. அந்த சீன எடுத்தவன் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கான் இல்ல."

நாள் முழுக்க ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒதுக்குகிற வேலை எனக்கு. ஒன்றில் கீறல் இருந்தாலும் ஜோடியே கழிந்துபோகும். அவனோடு வாதாடத் தெம்பில்லை.

நான்காம் பாகத்தின் பாதியில் அவனுக்கு பிரஷர் இறங்கிவிட்டது. நர்ஸ் வந்து காலைத் தூக்கி வைத்து, மெஷினைச் சரிசெய்துவிட்டுப் போனார். நீ பார்த்துட்டு அப்புறம் கதை சொல்லு என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். பத்து நிமிடம் பார்த்திருப்பேன். முதல் பாகத்துக் காட்சிகளையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். பிறகு தூங்கிப்போனேன்.

திரும்பும்போது, பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் கேட்டான்: "கடைசில இன்னா ஆச்சு?"

தூங்கிவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. முதலை முட்டை போட்டிருந்தது, அதைச் சுட வந்த டாக்டரம்மா முட்டையைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்கிவிட்டாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அப்படியானால் நாலாவது பரவாயில்லை என்றான்.

அடுத்த முறை அண்ணியோடு போனபோது மிச்சத்தைப் பார்த்துவிட்டான். முட்டையே இல்லை. முதலையைக் குண்டு வைத்துத் தகர்த்திருந்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. "நீயும் தூங்கிட்ட இல்ல" என்றான். ஆமாம் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் பாகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போதெல்லாம் மெஷின் ஓட ஆரம்பித்ததும், ஊசி குத்தாத பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் படுக்கிறான். நான் அந்த மெத்தை ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன்.